யாருமில்லாத இடத்தில் கேட்கும் குரல்

அறையில் யாரும் இல்லை, கதவு சாத்தியிருக்கிறது. ஆனாலும் ஒருவருக்கு மட்டும் பேச்சுக் குரல் கேட்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, ஏசுகிறது, சில வேளை ஆறுதல் சொல்கிறது, சில வேளை 'இதைச் செய்' என்று உத்தரவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர்களுக்கு எதுவும் கேட்பதில்லை. இப்படி ஒருவர் நம் வீட்டில் வந்து சொன்னால் நாம் என்ன செய்கிறோம்?

பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். 'அப்படியெல்லாம் ஒன்றும் கேட்காது, சும்மா இரு' என்று வாயை அடைத்துவிடுகிறோம். அல்லது 'ஜின் பிடித்திருக்கிறது' என்று அன்றைக்கே முடிவு கட்டி, ஓட்டுகிறவர் யார் என்று விசாரித்துக்கொண்டு ஓடுகிறோம். இவ்விரண்டும் நேர் எதிரானவை போலத் தோன்றினாலும் இரண்டிலும் ஒரே குறை இருக்கிறது. சொன்னவரிடம் நாம் எதுவும் கேட்பதில்லை. என்ன கேட்கிறது, எப்போதிலிருந்து கேட்கிறது, அதற்கு முன் என்ன நடந்தது என்ற மூன்று கேள்விகள் கேட்கப்படாமலே போகின்றன. இவை ஏன் முக்கியமானவை என்பதை இம்மாதப் பாடத்தில் பார்ப்போம்.

இது அபூர்வமானதா?

இப்படிக் குரல் கேட்பது ஆயிரத்தில் ஒருவருக்கு நேரும் பைத்தியம் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் ஓர் ஆராய்ச்சிச் சங்கத்தார் ஏறத்தாழ 17,000 பேரிடம் விசாரித்து 1894ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டார்கள். நன்றாக விழித்திருக்கும்போது, அங்கே இல்லாத ஒன்றைக் கண்டதோ, கேட்டதோ, தொடப்பட்டதாக உணர்ந்ததோ உண்டா என்பது கேள்வி. சுமார் பத்தில் ஒருவர் 'உண்டு' என்றனர். 2015இல் வெளியான ஓர் ஆய்வு, 18 நாடுகளில் 31,000க்கும் மேற்பட்டவர்களிடம் எடுக்கப்பட்டது. அதில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர், வாழ்நாளில் ஒரு முறையேனும் குரல் கேட்டதாகக் கூறினர். இவர்களில் பலர் வேலைக்குப் போய், பிள்ளை வளர்த்து, எல்லாரையும் போல வாழ்பவர்கள்.

இன்னொரு செய்தி, கணவரை இழந்து இத்தாவில் இருக்கும் சகோதரிகளுக்குப் பயன்படும். வேல்ஸ் நாட்டு மருத்துவர் ஒருவர், துணையை இழந்த 293 ஆண்களையும் பெண்களையும் சந்தித்து விசாரித்து, 1971இல் தம் ஆய்வை வெளியிட்டார். இறந்துபோன துணை அருகில் இருப்பதாக உணர்ந்தோர், உருவத்தைக் கண்டோர், குரலைக் கேட்டோர் ஆகியோரைச் சேர்த்தால் ஏறக்குறையப் பாதிப்பேர். குரலை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்குப் பதின்மூன்று பேர். பெரும்பாலோருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்ற பயம்! மவுத்தானவரின் இருமல் சத்தம் திண்ணையிலிருந்து கேட்டது என்று ஒரு விதவைத் தாய் சொன்னால், அவரைக் கண்டு மிரளத் தேவையில்லை. நாற்பது ஆண்டு பழகிய காது அது. துக்கம் ஆறும்போது பெரும்பாலும் தானே தணியும்.

உறங்கப் போகும் தறுவாயிலும் விழிக்கும் தறுவாயிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலக் கேட்பதும் சாதாரணமானதே. ஆகவே குரல் கேட்டது என்ற ஒன்றை மட்டும் வைத்து ஒருவரைப் பித்தர் என்று தீர்த்துவிடக் கூடாது.

ஒரு நோயாளி மருத்துவரிடம் கேட்ட கேள்வி

ஹாலந்து நாட்டில் மாஸ்ட்ரிக்ட் என்றோர் ஊர் உண்டு. அங்கே மாரியஸ் ரோம் என்ற மனநல மருத்துவப் பேராசிரியரிடம் பாட்சி ஹேக் என்னும் இளம்பெண் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தார். அவருக்குக் குரல்கள் கேட்டன. மருந்து கொடுத்தும் குரல்கள் நிற்கவில்லை. அக்கால மருத்துவ வழக்கப்படி, குரல் என்ன சொல்கிறது என்பதைப் பற்றி நோயாளியிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பேசினால் நோய் முற்றும் என்பது கொள்கை. ஒரு நாள் அப்பெண் அவரிடம் ஒரு கேள்வி போட்டார். நீங்கள் எல்லாம் காணாத, கேட்காத இறைவனை நம்புகிறீர்கள். நான் மெய்யாகவே கேட்டுக்கொண்டிருக்கும் குரல்களை மட்டும் ஏன் நம்ப மறுக்கிறீர்கள் என்பதே அதன் கருத்து.

ஈமானுக்கும் இதற்கும் ஒப்புமை சொல்வதற்காக நாம் இதை எடுத்தெழுதவில்லை. மறைவானவற்றின் மீதுள்ள நம்பிக்கைக்கு வேறு ஆதாரங்கள் உண்டு. அந்தக் கேள்வி மருத்துவருக்கு எதைக் கற்றுக்கொடுத்தது என்பதே நமக்கு வேண்டியது. ஒருவருக்குக் குரல் கேட்கிறது என்பதை நம்புவது வேறு. அந்தக் குரல் சொல்வதை நம்புவது வேறு. முதலாவதை நம்பினால்தான் அவருக்கு உதவ முடியும். இரண்டாவதை நம்பவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் எல்லாமே இதன்மேல்தான் நிற்கின்றன.

1987இல் அம்மருத்துவரும் அப்பெண்ணும் தொலைக்காட்சியில் தோன்றி, குரல் கேட்பவர்கள் தங்களைத் தொடர்புகொள்ளலாம் என்று அறிவித்தார்கள். சுமார் 700 பேர் தொலைபேசியில் அழைத்தார்கள். அவர்களில் 450 பேர் குரல் கேட்பவர்கள். அந்த 450 பேரில் 150 பேர், தாங்கள் குரலைச் சமாளித்து வாழக் கற்றுக்கொண்டதாகக் கூறினர். மருத்துவர் வியந்துபோனார். சமாளித்து வாழ்பவர்கள் மருத்துவமனைக்கு வருவதில்லை. ஆகவே அதுவரை அப்படிப்பட்டவர்களை அவர் பார்த்ததே இல்லை! மேற்கொண்டு விசாரித்தபோது, பதில் தந்தவர்களில் நூற்றுக்கு எழுபது பேர், மனத்தை உலுக்கிய ஏதோ ஒரு சம்பவத்திற்குப் பிறகே குரல் கேட்கத் தொடங்கியது என்றனர். நெருங்கியவரின் மரணம், விபத்து, மணமுறிவு, அடி உதை, சிறு வயதில் நேர்ந்த மானக்கேடு போன்றவை அவை.

காயமும் குரலும்

மனத்தில் பட்ட காயம் குரலாகக் கேட்பது எப்படி? இதற்கு முதலில் வழி காட்டியவர்களில் ஒருவர் பிரான்ஸ் தேசத்து அறிஞர் பியர் ஜானே. லெ ஹாவ்ர் துறைமுக நகரில் ஆசிரியராக இருந்துகொண்டே, அங்குள்ள மருத்துவமனை நோயாளிகளை ஆராய்ந்து 1889இல் நூல் வெளியிட்டார். அவர் கண்டதைச் சுருக்கமாகச் சொல்லலாம். சாதாரணமாக நமக்கு நேர்வதெல்லாம் நினைவோடு நினைவாகக் கலந்து, 'இது எனக்கு அப்போது நடந்தது' என்று பழங்கதையாகிவிடுகிறது. தாங்க முடியாத பயங்கரம் ஒன்று நேரும்போது மனம் அதிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டு விலகி நிற்கிறது. அடிபடுகிற பிள்ளை, 'அடி வாங்குவது நானில்லை, வேறு யாரோ' என்பது போல மரத்துப்போய் நிற்பதைப் பார்த்திருக்கலாம். அந்த வேளையில் அது ஒரு பாதுகாப்பு. ஆனால் துண்டாகிப் போன அந்தப் பகுதி அழிந்துவிடுவதில்லை. மற்ற நினைவுகளோடு கலக்காமல் தனியே உயிரோடிருக்கிறது. பின்னொரு நாள் தனக்குச் சம்பந்தமில்லாத ஒன்று போல வெளியிலிருந்து வருகிறது. சிலரிடம் அச்சமாக, சிலரிடம் மயக்கமாக, சிலரிடம் பேச்சுக் குரலாக. இதைத்தான் மனம் பிரிந்து நிற்றல் என்கிறார்கள்.

உடல் வழியாகவும் இதற்கு ஒரு சான்று உண்டு. லண்டனில் நடந்து 1993இல் வெளியான பரிசோதனையில், குரல் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் நோயாளிகளின் மூளையைப் படம் பிடித்தார்கள். நாம் பேசும்போது வேலை செய்யும் மூளைப்பகுதி அப்போது அதிகமாக வேலை செய்தது தெரிந்தது. நாம் எல்லாருமே மனத்திற்குள் பேசிக்கொள்கிறோம். 'இது என் பேச்சு' என்ற முத்திரை அதில் இருக்கும். அந்த முத்திரை விழாமல் போனால், தன் மனத்துப் பேச்சே வேற்றார் பேச்சாகக் கேட்கிறது என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து.

சிறு வயதுக் கொடுமைகளைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2012இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். அடி, பாலியல் கொடுமை, புறக்கணிப்பு, பெற்றோரை இழத்தல் போன்றவற்றுக்கு ஆளான பிள்ளைகளுக்கு, பிற்காலத்தில் மனச்சிதைவு போன்ற நோய்கள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. கொடுமைக்கு ஆளானவர்கள் எல்லாரும் நோயாளி ஆவார்கள் என்பது இதன் பொருளன்று. நோயாளிகள் எல்லாரும் கொடுமைக்கு ஆளானவர்களே என்பதும் அன்று. ஆனால் 'என்ன நடந்தது?' என்று கேட்காமல் விடுவது எவ்வளவு பெரிய தவறு என்பது இதிலிருந்து விளங்கும்.

இங்கிலாந்தைச் சேர்ந்த எலினோர் லாங்டன் என்ற பெண்மணி தம் கதையை 2013இல் பொது மேடையில் சொன்னார். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது அவருக்கு ஒரு குரல் கேட்கத் தொடங்கியது. 'அவள் இப்போது அறையை விட்டுப் போகிறாள்' என்பது போல, அவர் செய்வதை அது சொல்லிக்கொண்டே வந்தது, அவ்வளவுதான். ஆனால் அதை வெளியில் சொன்னதும், சுற்றியிருந்தவர்கள் அஞ்சி நடுங்க, அவரும் அஞ்ச, குரல் பகையாக மாறிப் பலவாகப் பெருகியது. மனச்சிதைவு என்று மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு, அக்குரல்கள் சிறு வயதில் தமக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளோடு தொடர்புடையவை என்று அவர் கண்டுகொண்டார். 'வீட்டை விட்டு வெளியே போகாதே' என்று குரல் மிரட்டினால், தம் மனம் எவ்வளவு பயந்து கிடக்கிறது என்பதற்கு அது அடையாளம் என்று எடுத்துக்கொண்டார். மிரட்டலுக்குப் பணியவும் இல்லை, அதோடு சண்டைக்கு நிற்கவும் இல்லை. பின்னர் அவரே மனோதத்துவம் படித்து அத்துறையில் ஆராய்ச்சியாளர் ஆனார்.

1998இல் மாஸ்ட்ரிக்ட் மருத்துவர் குழு வெளியிட்ட மற்றோர் ஆய்வும் இதையே காட்டுகிறது. மனச்சிதைவு நோயாளிகள், மனம் பிரிந்து நிற்கும் நோயுள்ளவர்கள், குரல் கேட்டும் சிகிச்சையே தேவைப்படாதவர்கள் ஆகிய மூவகையினரையும் ஒப்பிட்டார்கள். குரல் கேட்கும் விதத்தில் பெரிய வித்தியாசமில்லை. நோயாளிகள் குரலுக்கு அஞ்சினார்கள். மற்றவர்கள் அவ்வளவு அஞ்சவில்லை.

மூன்று நகரங்கள், மூன்று வகைக் குரல்கள்

ஒவ்வொரு நாட்டிலும் குரல் ஒரே மாதிரிதான் பேசுமா? அமெரிக்க மானிடவியல் அறிஞர் தான்யா லூர்மன், சென்னை மருத்துவர் பத்மாவதி முதலானோருடன் சேர்ந்து செய்த ஆய்வு 2015இல் அச்சாயிற்று. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ, ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் அக்ரா, நம் சென்னை ஆகிய மூன்று ஊர்களிலும் ஊருக்கு 20 பேர் வீதம் 60 நோயாளிகளிடம் பேசினார்கள். எல்லாருமே கடுமையான மனநோயால் குரல் கேட்பவர்கள்.

அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'என் மூளை கெட்டுவிட்டது, இது நோயின் அறிகுறி' என்றார்கள். அவர்களிடம் குரல் வன்முறை பேசியது. வெட்டு, குத்து, சண்டை என்றது. குரலால் தமக்கு நன்மையே மிகுதி என்று சொன்னவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. அக்ராவில் பாதிப்பேர், தங்கள் அனுபவம் பெரும்பாலும் நல்லது என்றார்கள். அங்கே பலர் தாங்கள் கேட்பது இறைவனின் குரல் என்று எண்ணினார்கள். சென்னையில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல்! வீட்டுப் பெரியவர்களைப் போலவே அக்குரல்கள் கண்டித்தன, புத்தி சொன்னன, குளி என்றன, சாப்பிடு என்றன, சமையல்கட்டுக்குப் போய் வேலையைப் பார் என்றன.

எல்லா ஊரிலும் நல்ல குரலும் உண்டு, கெட்ட குரலும் உண்டு. ஆனால் குரல் யாருடைய முகத்தை அணிந்துகொண்டு வருகிறது என்பதைச் சுற்றியுள்ள மக்களின் வாழ்க்கையும் நம்பிக்கையும் பெரிதும் தீர்மானிக்கின்றன. ஆகவே முஸ்லிம் வீட்டுப் பிள்ளைக்குக் கேட்கும் குரல் தன்னை 'ஜின்' என்று சொல்லிக்கொள்வதில் ஆச்சரியமில்லை. சிறு வயது முதல் அவள் கேட்டு வளர்ந்த பெயர் அது. குரல் ஒரு பெயரைச் சொன்னதாலேயே அது அதுவாகிவிடாது.

நம் வீடுகளில் நடப்பது

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஜின்கள் உண்டு என்பது குர்ஆன் தரும் செய்தி. அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் 'ஜின் உண்டு' என்பது ஒன்று, 'இந்தப் பிள்ளைக்கு வந்திருப்பது ஜின்' என்பது வேறொன்று. முதலாவதற்கு ஆதாரம் வேதம். இரண்டாவதற்கு ஆதாரம் என்ன? தகடு எழுதுகிறவரின் வாய்ச்சொல் ஆதாரமாகுமா? அவர் வாங்கும் பணம் ஆதாரமாகுமா?

பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, "உம்மா, யாரோ என்னை அசிங்கமாக ஏசுகிறார்கள். செத்துப் போ என்கிறார்கள்" என்று அழுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் ஒருவரை அழைத்து வருகிறார்கள். புகை போடுகிறார், பிரம்பால் அடிக்கிறார், "யார் நீ? உன்னை ஏவியது யார்?" என்று அதட்டுகிறார். அடி தாங்காத பெண் ஏதோ ஒரு பெயரைச் சொல்கிறாள். அது மதினியின் பெயராகவோ அடுத்த வீட்டுச் சாச்சியின் பெயராகவோ இருக்கும். அன்றோடு அந்தக் குடும்பம் இரண்டாகிறது. சூனியம் வைத்தாள் என்ற பழியைச் சுமந்துகொண்டு ஒருத்தி ஆயுள் முழுக்க நடக்கிறாள். அடித்து வாங்கிய சொல் சாட்சியமா? ஷரீஅத்தின் எந்த அவையில் அது செல்லும்?

இதைவிடக் கொடியது மற்றொன்று. அப்பெண்ணுக்குக் கேட்கும் குரல், அவள் ஒன்பது வயதாக இருந்தபோது அவளிடம் தகாதபடி நடந்துகொண்ட ஓர் உறவினனின் குரலாக இருந்தால்? 'வெளியே சொன்னால் கொன்றுவிடுவேன்' என்று அன்று அவன் சொன்ன சொல்லே இன்று காதில் ஒலித்துக்கொண்டிருந்தால்? நாம் 'ஜின்' என்று முடிவு கட்டிய நிமிடமே அவன் தப்பித்துக்கொண்டான். பந்தியில் முன்வரிசையில் அமர்ந்து பிரியாணி சாப்பிடுகிறான். பிள்ளை மூலையில் கட்டிப் போடப்பட்டிருக்கிறாள். எல்லா வீட்டிலும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கேட்டுப் பார்க்காமல், எந்த வீட்டில் இல்லை என்று நாம் எப்படிச் சொல்வது? குடும்ப மானம் என்ற பெயரால் அநியாயக்காரனை மறைப்பதற்கு மார்க்கத்தில் இடமில்லை. குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் ஆகும்.

கட்டிப் போடுவதன் முடிவு என்ன என்பதையும் நம் மாவட்டங்களில் கண்டோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். நோய் தீரும் என்று நம்பித்தான் வீட்டார் அவர்களை அங்கே விட்டுப் போயிருந்தார்கள். மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தெளிவாகத் தடுத்துவிட்டது.

நல்ல முன்மாதிரியும் உண்டு. குஜராத்தில் உனாவா என்னும் ஊரிலுள்ள மீரா தாதார் தர்கா வளாகத்திலேயே மனநல மருத்துவர்கள் அமர்ந்து நோயாளிகளைப் பார்க்கிறார்கள். 'தவா – துஆ', அதாவது மருந்தும் பிரார்த்தனையும் என்பது அத்திட்டத்தின் பெயர். அங்குள்ள முஜாவர்களே நோயாளிகளை மருத்துவரிடம் அனுப்பி வைக்கிறார்கள். பின்னர் ஏர்வாடியிலும் இம்முறை கொண்டுவரப்பட்டது.

முன்னோர் காட்டிய வழி

மனநோய்க்கு மருந்து தேடுவது மேல்நாட்டிலிருந்து வந்த வழக்கம் என்று சிலர் நினைக்கின்றனர். ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் சேர்த்து ஒரே நூலாக எழுதினார். உடலுக்கு நோய் வருவது போல உள்ளத்துக்கும் வரும் என்று சொல்லி, கோபம், பயம், துக்கம், வஸ்வாஸ் ஆகியவற்றைத் தனித்தனியாக ஆராய்ந்தார். திமிஷ்கில் 1154இல் சுல்தான் நூருத்தீனும், கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூனும் கட்டிய பீமாரிஸ்தான்களில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. 1354இல் அலெப்போவில் எழுந்த பீமாரிஸ்தானில் அவர்களுக்கென்று தனி முற்றமும் நீரூற்றும் அமைத்தார்கள். முன்னோர் நீரூற்றின் ஓசை கேட்கும்படி வைத்தவர்களைத்தான் நாம் சங்கிலியின் ஓசை கேட்கும்படி வைத்தோம்.

வலிப்பு நோயுள்ள ஒரு பெண்மணி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்ட செய்தி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நாயகம் (ஸல்) அவர்கள் அப்பெண்மணியை அடிக்கவில்லை, விரட்டவில்லை, பழிக்கவில்லை. அவர் சொன்னதைக் கேட்டார்கள். பொறுமையா, நிவாரண துஆவா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை அவரிடமே கொடுத்தார்கள். விழும்போது தம் ஆடை விலகாமல் இருக்க வேண்டும் என்று அவர் வேண்டியபோது அதற்காக துஆச் செய்தார்கள். நோயாளியின் மானத்தைக் காப்பதும் சிகிச்சையில் ஒரு பகுதி என்பது இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம்.

அறிந்துகொள்ள வேண்டிய மஸ்அலாக்கள்

1. குரல் கேட்டாலும் அறிவு தெளிவாக இருப்பவர் மீது தொழுகை முதலிய கடமைகள் நிலைத்தே இருக்கும். அறிவு நீங்கிய நிலையில் கடமை இல்லை. அப்போது அவர் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது. தெளிந்த பின் களா உண்டா என்பதைத் தத்தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

2. குரல் இடும் எந்த உத்தரவும் மார்க்கச் சட்டம் ஆகாது. அது நல்ல வார்த்தை பேசினாலும் சரி, தன்னை மலக்கு என்று சொல்லிக்கொண்டாலும் சரி. வஹீ நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோடு முடிந்துவிட்டது. தன்னையோ பிறரையோ வருத்தச் சொல்லும் குரலுக்குப் பணிவது ஹராம்.

3. அறிவு நீங்கிய நிலையில் சொன்ன தலாக் நிகழாது. ஆயினும் அந்த நிலை இருந்ததா என்பதை விசாரித்தே முடிவு செய்ய வேண்டும்.

4. குர்ஆன் வசனங்களாலும் ஆதாரமுள்ள துஆக்களாலும் ஓதிப் பார்ப்பது ஆகுமானது. அடிப்பது, பட்டினி போடுவது, மூச்சு முட்டப் புகை போடுவது, அந்நியப் பெண்ணோடு தனித்திருப்பது ஆகிய எதற்கும் அனுமதி இல்லை. இவற்றைச் செய்கிறவர் எத்தனை பெரிய தலைப்பாகை கட்டியிருந்தாலும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

5. மயக்கத்திலோ அடியிலோ நோயாளி சொன்ன பெயரை வைத்து யார் மீதும் சூனியப் பழி போடுவது அவதூறு.

6. ரமளானில் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஸஹரிலும் இஃப்தாரிலும் சாப்பிடும்படி மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். முடியாது என்றால் நோயாளிக்குரிய சலுகை இருக்கிறது. குறிப்பாக லித்தியம் மாத்திரை சாப்பிடுவோர், உடலில் நீர் வற்றும்போது அம்மருந்து இரத்தத்தில் மிகுந்து விஷமாகக்கூடும் என்பதால் கேளாமல் நோன்பு வைக்கக் கூடாது.

வீட்டார் செய்ய வேண்டியவை

முதலில் அமைதியாகக் கேளுங்கள். "உனக்குக் கேட்கிறது என்று நம்புகிறேன். எனக்குக் கேட்கவில்லை. என்ன சொல்கிறது?" என்று கேட்டால் போதும். 'பொய்' என்றும் சொல்லாதீர்கள். குரலோடு நீங்களும் சேர்ந்து பேசவும் செய்யாதீர்கள். எப்போது தொடங்கியது, அதற்கு முன் வீட்டில், பள்ளிக்கூடத்தில், மதரஸாவில், வேலையிடத்தில் என்ன நடந்தது என்று பொறுமையாக விசாரியுங்கள். ஒரே நாளில் பதில் வராது. பிள்ளை யாரைக் கண்டால் ஒடுங்குகிறாள் என்று கவனியுங்கள். அவள் ஒரு பெயரைத் தானாகச் சொன்னால், 'வாயைக் கழுவு' என்று அதட்டாதீர்கள். அடித்து வாங்கிய பெயருக்கும் தானாக நம்பிச் சொன்ன சொல்லுக்கும் உள்ள வித்தியாசம் தாய்க்குத் தெரியும். குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசி எண் 1098.

அடுத்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எல்லாக் குரலும் மனக்காயத்தால் வருவதன்று. கடுங்காய்ச்சல், வலிப்பு நோய், தைராய்டுக் கோளாறு, போதைப் பழக்கம், முதுமையில் காது மந்தம் ஆகியவற்றாலும் குரல் கேட்கலாம். மனச்சிதைவு நோய்க்கு மருந்து அவசியம். கேட்பதும் பேசுவதும் மருந்தோடு சேர்ந்தவை, மருந்துக்கு மாற்று அல்ல. பிரசவித்த சில நாட்களில் ஒரு தாய் உறக்கமின்றி, தொடர்பில்லாமல் பேசி, குரல் கேட்கிறது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நாற்பது கழியட்டும் என்று காத்திருந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. அதுபோலவே, 'செத்துப் போ' என்றோ 'அவனைக் கொல்' என்றோ குரல் உத்தரவிடுவதாகச் சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள். அரசாங்கத்தின் 14416 என்ற இலவசத் தொலைபேசியில் இரவு பகல் எந்நேரமும் மனநல ஆலோசனை கேட்கலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

மஹல்லா ஜமாஅத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். ஆலிம்களிடம்தான் மக்கள் முதலில் வருகிறார்கள். ஓதிவிட்டு அனுப்பும்போது, 'நாளைக் காலை மருத்துவரையும் பாருங்கள்' என்ற ஒரு வார்த்தையை இமாம் சொல்வாரானால், அந்த வீட்டார் தயங்காமல் போவார்கள். அந்த வார்த்தைக்கு நம் ஊர்களில் அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

வல்ல அல்லாஹ், துன்புற்ற உள்ளங்களுக்கு ஷிஃபாவைத் தருவானாக! அவர்கள் சொல்வதைக் கேட்கும் பொறுமையை நமக்கும் தருவானாக! ஆமீன்.